ரோலர் எந்த இடத்தில் தட்டுகிறது: ஒரு பழைய டிரெடில் இயந்திரத்தைச் சீர்செய்த பதிவு

குமரி மாவட்டம் குளச்சலில் உள்ள ஓர் அச்சகத்தில், ரசீதுப் புத்தகங்களுக்கு வரிசை எண் அடிக்கவும் கிழிக்கும் கோட்டுக்குத் துளை போடவும் மட்டும் பழைய டிரெடில் இயந்திரம் ஒன்று (காலால் மிதித்து ஓட்டும் வகைச் சிறு அச்சு இயந்திரம்; இப்போது மோட்டாரில்) இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அழைப்பிதழும் சுவரொட்டியும் ஆஃப்செட்டுக்குப் போய் நெடுங்காலம் ஆகிவிட்டாலும், கோயில் திருவிழா நன்கொடை ரசீதும் மீன் ஏலக்காரர்களின் பில் புத்தகமும் எண்ணில்லாமல் செல்லாது என்பதால், அதை எடைக்குப் போடாமல் உரிமையாளர் வைத்திருக்கிறார். அதில் இரண்டு குறைகள் இருந்தன. ரோலர்கள் மேலும் கீழும் போய்வரும்போது கடகடவென்று ஒலி எழுந்தது. அத்துடன் எண் அவ்வப்போது தாவியது. 417க்குப் பின் 419 விழுந்தது. எண் தாவுவதற்குப் புது எண் கருவி வாங்க வேண்டும் என்றும், ஒலிக்கு எண்ணெய் போதும் என்றும் அவருக்கு ஆலோசனை சொல்லப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே நோயின் இரு அறிகுறிகள் என்பது வேலை பாதி நடந்த பிறகுதான் தெளிவானது.

இயந்திரம், நியூயார்க்கின் ஜார்ஜ் கார்டன் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வடிவமைத்த அமைப்பைப் பின்பற்றியது. எழுத்துகளைப் பூட்டிய இரும்புச் சட்டமான சேஸ் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும்; தாளைத் தாங்கும் பலகை எதிரிலிருந்து வந்து அதன்மேல் அழுந்தி விலகும். மேலே வட்டமான மைத்தட்டு இருக்கும். மூன்று ரோலர்கள் அந்தத் தட்டில் உருண்டு மையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, எழுத்துகளின்மேல் பூசிவிட்டுத் திரும்ப மேலேறும். ரோலர் தண்டின் இரு முனைகளிலும் சிறு சக்கரங்கள் உண்டு; சேஸைத் தாங்கும் படுக்கையின் இரு ஓரங்களிலும் அந்தச் சக்கரங்கள் ஓடுவதற்கு இரும்புத் தடங்கள் உண்டு. தண்டின் முனைகளை ஸ்பிரிங் பொருத்திய கொக்கிகள் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். மைத்தட்டின்மேல் போகும்போது ரோலரின் ரப்பரே தட்டில் பட்டு உருள்கிறது. தடத்தின்மேல் வந்ததும் சக்கரங்கள்தான் உருள்கின்றன, ரப்பர் எழுத்தைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். ரோலர் ஒலியைப் பற்றிய விசாரணை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின்மேல்தான் நடந்தது.

வேலை தொடங்குமுன் மோட்டார் பட்டையைக் கழற்றிவிட்டு, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றியே எல்லாச் சோதனையையும் செய்தேன். மோட்டாரில் ஓடும்போது எல்லா ஒலியும் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பது ஒரு காரணம். இந்த வகை இயந்திரத்தில் பலகை மூடும் இடைவெளிக்குள் கை இருக்கக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

முதலில் மூன்று ரோலர்களையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தேன். அப்போதும் கேட்கும் ஒலி எதுவானாலும் அதற்கும் ரோலருக்கும் தொடர்பில்லை. மைத்தட்டைச் சிறிது சிறிதாகத் திருப்பும் பற்சக்கரத்தின் 'டக்' ஒலி மட்டும் சுற்றுக்கு ஒருமுறை வந்தது. அது இருக்க வேண்டிய ஒலி. அதுவும் கேட்காவிட்டால் தட்டு திருப்பப்படவில்லை, மை ஒரே பட்டையாக நின்றுவிடுகிறது என்று பொருள்.

அடுத்து ஒரே ஒரு ரோலரை மாட்டி, மையும் இல்லாமல் சேஸும் இல்லாமல் சுற்றினேன். பிறகு அதை எடுத்துவிட்டு அடுத்ததை மாட்டினேன். இப்படித் தனித்தனியாகக் கேட்டபோது, ஒலி எழும் இடத்தைக் கொண்டே அதன் காரணத்தைப் பிரிக்க முடிந்தது. மைத்தட்டின்மேல் போகும்போதே தட்டல் கேட்டால் குற்றம் ரப்பரில் இருக்கிறது. ஏனென்றால் அங்கே சக்கரத்துக்கு வேலையில்லை. தடத்தின்மேல் மட்டும் கேட்டு, சக்கரத்தைத் தண்டில் சற்றுத் திருப்பி மாட்டினால் தட்டும் இடமும் நகர்ந்தால், சக்கரம் தேய்ந்து உருட்டு இழந்திருக்கிறது. சக்கரத்தை எப்படித் திருப்பினாலும் தடத்தின் அதே இடத்தில்தான் தட்டுகிறது என்றால் குற்றம் தடத்தில். இந்த மூன்று கேள்விகளுக்கு விடை காணாமல் எண்ணெய்க் குப்பியைத் தொடுவது வீண் வேலை என்பது என் உறுதியான கருத்து.

ரப்பருக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. ரோலரின் விட்டம் 38 மி.மீ. என்றால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 12 செ.மீ. தட்டில் மிக மெல்லிதாக மை தடவி, பற்சக்கரத்தின் நாக்கைத் தூக்கிவிட்டுத் தட்டு திரும்பாதபடி ரோலரை ஒருமுறை உருட்டிப் பார்த்தால், ரப்பரில் எங்காவது தட்டையான இடம் இருக்கும்போது மையில் ஒவ்வொரு 12 செ.மீ.க்கும் ஒரு வெளிறிய கோடு விழும். இரண்டு ரோலர்களில் அப்படி விழுந்தது. காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. துளை போடும் இரும்புப் பிளேடு ரப்பரை வெட்டிவிடும் என்பதால் அந்த வேலை வரும்போதெல்லாம் ரோலர்களைக் கழற்றிவிடுவார்கள். கழற்றியவற்றை அலமாரித் தட்டில் ரப்பர் அடியில் படும்படி படுக்க வைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடந்த ரப்பர் அந்தப் பக்கத்தில் தட்டையாகிவிட்டது. மூன்றாவது ரோலரில் தட்டை இல்லை. ஆனால் துளைப் பிளேடையும் எண்ணையும் ஒரே ஓட்டத்தில் அடிக்கப் பார்த்த யாரோ விட்டுச்சென்ற வெட்டுக் காயம் வளையமாகப் பதிந்திருந்தது.

சக்கரங்களும் நல்ல நிலையில் இல்லை. அவை இரும்பில் கடைந்தவை. வெர்னியர் அளவுகோலால் அளந்தபோது ஒரே சக்கரத்தில் ஒரு திசையில் 37.4 மி.மீ., குறுக்குத் திசையில் 36.9 மி.மீ. என்று வந்தது. தண்டில் உள்ள ஆணி சக்கரத்தின் வெட்டுக்குள் இறுக்கமாக உட்கார்ந்தால்தான் ரோலரும் சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். இங்கே அந்த வெட்டு விரிந்து, சக்கரம் முன்னும் பின்னும் ஆடியது. உரிமையாளர் 'லொடலொட' என்று சொன்ன ஒலி இதுதான்.

சேஸ் இல்லாமல் சுற்றியபோது கேட்காத ஒரு முரட்டு ஒலி, எண் கருவி பூட்டிய சேஸை ஏற்றியதும் கேட்டது. அங்கேதான் கணக்குப் போட வேண்டி வந்தது. தடத்தின் மேற்பரப்பு எழுத்தின் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அந்த உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.3 மி.மீ. சக்கரத்தின் விட்டமும் ரோலரின் விட்டமும் சமமாக இருந்தால் ரப்பர் எழுத்தின் முகத்தைத் தொட்டு மட்டும் போகும். ரோலர் பெரிதாகவோ சக்கரம் சிறிதாகவோ இருந்தால், விட்ட வேறுபாட்டில் பாதியளவு ரப்பர் எழுத்துக்குள் அழுந்தும். இங்கே ரப்பர் ஊதி 38.6 மி.மீ. ஆகியிருந்தது, சக்கரம் தேய்ந்த இடத்தில் 36.9 மி.மீ. ஆகவே 0.85 மி.மீ. அழுத்தம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அதற்குமேல் தடமும் நடுப்பகுதியில் 0.4 மி.மீ. தேய்ந்திருந்தது. இரண்டையும் கூட்டினால், எழுத்தானாலும் இலக்கமானாலும் ஒவ்வொன்றின் விளிம்பிலும் ரோலர் ஒன்றேகால் மில்லிமீட்டர் உயரமுள்ள படியில் மோதி ஏறி, மறுபுறம் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தது. சக்கரம் தடத்தைவிட்டு எழும்பித் திரும்ப அடித்த ஒலியே அந்தக் கடகடப்பு.

எண் தாவியதற்கும் விடை இதிலேயே இருந்தது. அச்சு எண் கருவியில் 'எண்' என்ற குறியைத் தாங்கும் முளை மற்ற இலக்கங்களைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். பலகை தாளோடு வந்து அந்த முளையை உள்ளே அழுத்தும்போதுதான் உள்ளிருக்கும் பற்சக்கரம் அடுத்த எண்ணுக்கு நகர்கிறது. ரோலர் இவ்வளவு அழுத்தத்தோடு கடந்தால் அதுவே முளையை அமுக்கிவிடுகிறது. முழுவதும் அமுக்கினால் எண் ஒன்று தாவும். பாதி அமுக்கினால் இலக்கம் இரண்டு எண்களுக்கு நடுவில் நின்று மங்கலாக அடிக்கும். பழைய ரசீதுகளை எடுத்துப் பார்த்தபோது இரண்டு வகையும் இருந்தன. கருவியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவியபோது அதில் எந்தத் தேய்வும் தெரியவில்லை. புதிதாக ஒன்று வாங்கியிருந்தாலும் அதுவும் தாவியிருக்கும்.

எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தடங்களின் மேற்பரப்பு முழுவதும் எண்ணெய் பளபளத்தது. ஒலி கூடும்போதெல்லாம் அங்கே சில சொட்டு விடுவது வழக்கமாகியிருந்தது. முன்பு அந்த அச்சகத்தில் இயந்திரம் ஓட்டிய முதியவர் ஒருவர் நான் வேலை செய்வதைப் பார்க்க வந்து உட்கார்ந்தார். "அண்ணாச்சி, இதுல எண்ணெய் எவ்வளவு விடுவீங்க?" என்று கேட்டேன். "தடத்துல ஒரு சொட்டு கூடப் படக் கூடாது மக்களே. எண்ணெய ஊத்துனா சக்கரம் உருளாது, சறுக்கும். சத்தம் கொறையும், அச்சு நாறிப் போவும்" என்றார். அவர் சொன்னது இயந்திர விதிப்படியும் சரியே. சக்கரம் தடத்தைப் பற்றி உருண்டால்தான் ரப்பரின் மேற்பரப்பும் அதே வேகத்தில் எழுத்தின்மேல் உருளும். சக்கரம் சறுக்கினால் ரப்பர் எழுத்தை இழுத்துத் தேய்க்கும்; மை எழுத்தின் முகத்தில் நிற்காமல் ஒரு பக்க விளிம்பில் வழிந்து நிற்கும். எண்ணெய் விட வேண்டிய இடம் கொக்கியில் தண்டு சுழலும் குழி, கொக்கியின் கம்பி ஏறி இறங்கும் குழல், ரோலர் கைகளின் அச்சு ஆகியவைதான். தடத்தையும் சக்கரத்தின் விளிம்பையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்தேன். துடைத்தபின் ஒலி முன்பைவிடக் கூடியது. எண்ணெய் மறைத்து வைத்திருந்த அளவு எவ்வளவு என்று அப்போது தெரிந்தது.

கொக்கிகளில் அதிகச் சிக்கல் இல்லை. கம்பி ஏறி இறங்கும் குழல்களில் பழைய எண்ணெயும் மையும் கெட்டியாகிப் பிசினாக ஒட்டியிருந்ததால் ஒரு பக்கக் கொக்கி 'கீச்' என்று முனகியது. கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டதும் அது நின்றது. இடப்பக்க ஸ்பிரிங் வலப்பக்கத்தைவிடக் குட்டையாகியிருந்தது. அப்படி இருந்தால் ரோலர் ஒரு பக்கம் தளர்ந்து கோணலாக ஓடும். ஒன்றை மட்டும் மாற்றினால் மீண்டும் சமனின்மைதான் வரும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம்.

ரோலருக்குப் புது ரப்பர் போடுவதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் ரப்பர் மரம். டயருக்கு மறுபடி ரப்பர் ஒட்டும் பட்டறைகளும் மாவட்டத்தில் உண்டு. இவ்வளவு ரப்பர் விளையும் மண்ணில் மூன்று ரோலருக்கு வெளியூரை நம்ப வேண்டுமா என்று உரிமையாளர் கேட்டது நியாயமே. ஆனால் மரத்துப் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பருக்குக் கனிம எண்ணெயும் மண்ணெண்ணெயும் பகை. அவற்றில் பட்டால் அது அவற்றை உறிஞ்சி ஊதும், மேற்பரப்பு பிசுபிசுக்கும். அச்சு மையில் எண்ணெய் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ரோலரைத் துடைப்பதும் மண்ணெண்ணெயால். பழைய ரோலர் 38.6 மி.மீ. ஆனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அதன் முனைகள் நடுப்பகுதியைவிடக் கூடுதலாக ஊதியிருந்தன, கழுவும் எண்ணெய் தேங்குவதும் முனைகளில்தான். டயர் ரப்பரில் இன்னொரு தடையும் உண்டு. அது தேய்மானத்தைத் தாங்குவதற்காகச் செய்தது. ரப்பரின் கடினத்தைக் குறிக்கும் ஷோர் ஏ அளவில் அதன் கடினம் 60ஐ ஒட்டி இருக்கும். அச்சு ரோலருக்கு 25 முதல் 30 வரை இருக்க வேண்டும். கடினமான ரப்பர் எழுத்தின்மேல் அமுங்கிக் கொடுக்காமல் துள்ளும். போக்க வந்த ஒலியே திரும்பவும் வரும். ஆகவே எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர்தான் வேண்டும் என்று முடிவு செய்து, தண்டுகளை வெளியூரில் ரோலர் செய்யும் பட்டறைக்கு அனுப்பினோம்.

பழைய காலத்து அச்சகங்களில் ரப்பருக்குப் பதிலாக வச்சிரப் பசையையும் வெல்லப்பாகையும் கிளிசரினையும் காய்ச்சி வார்த்த ரோலர்களைப் பயன்படுத்தினார்கள். அவை எழுத்தை மிக மென்மையாகத் தொடும். அச்சுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்று அண்ணாச்சி இன்றும் சொல்கிறார். ஆனால் அந்தக் கலவை ஈரக்காற்றில் நீரை உறிஞ்சி வழுக்கும், வெயிலில் இளகும். வைகாசிப் பிற்பகுதியிலிருந்து தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசியிலிருந்து வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்தில், அதுவும் கடலை ஒட்டிய ஊரில், அந்த ரோலர்களை வைத்து மாரடிக்க எனக்கு விருப்பமில்லை.

பட்டறைக்குக் கொடுத்த குறிப்பில் கடினம் 28, விட்டம் 38 மி.மீ., இரு முனைகளிலும் நடுவிலும் ஒரே விட்டமாகச் சாணை பிடிக்க வேண்டும் என்று எழுதினோம். வந்தவற்றை அளந்தபோது மூன்றும் 38.1 மி.மீ. இருந்தன. ஒன்றுக்கொன்று வேறுபாடு இல்லாதிருப்பதுதான் முக்கியம், 38.1 என்றாலும் கவலையில்லை, ஏனென்றால் சக்கரங்களை அதன்பிறகே கடையக் கொடுப்பதாக வைத்திருந்தேன். சக்கரத்தை முதலில் கடைந்து வைத்துவிட்டு, ரோலர் அந்த அளவுக்கு வரும் என்று காத்திருப்பது தலைகீழான வரிசை. ரப்பரைச் சாணை பிடிப்பதைவிடச் சக்கரத்தை லேத்தில் நுணுக்கமான அளவுக்குக் கொண்டுவருவது எளிது.

சக்கரத்துக்குப் பொருள் தேர்ந்தெடுப்பதிலும் ஈரம் குறுக்கே வந்தது. இரும்புச் சக்கரம் இரும்புத் தடத்தில் ஓடினால் ஒலி இருக்கவே செய்யும். இரண்டும் ஒன்றையொன்று தேய்க்கும். கோட்டாற்றுக் கடையில் நைலான் கம்பி எளிதில் கிடைத்தது. ஆனால் சாதாரண நைலான் 6 நீரில் முழுவதும் ஊறினால் தன் எடையில் ஏறக்குறைய 9 விழுக்காடு நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஈரக்காற்றில் மட்டும் இருந்தாலும் அதில் ஒரு பங்கை உறிஞ்சி அளவில் பெருக்கும். 38 மி.மீ. சக்கரத்தில் கால் மில்லிமீட்டர் பெருத்தாலும் நாம் போட்ட கணக்கு முழுவதும் அடிபட்டுப்போகும்: கோடையில் சரியாக மை பூசிய ரோலர் மழைக்காலத்தில் எழுத்தில் அமுங்காமல் போகும். அசிட்டால் என்ற பிளாஸ்டிக் முழுவதும் ஊறினாலும் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நீரை எடுக்கும். அந்தக் கம்பியை வரவழைத்து, நாகர்கோவிலில் ஒரு லேத் பட்டறையில் ஆறு சக்கரங்களையும் 37.85 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்து வாங்கினோம். ரோலரைவிடக் கால் மில்லிமீட்டர் குறைவாக வைத்தது வேண்டுமென்றே. அப்போது ரப்பர் எழுத்தில் எட்டில் ஒரு மில்லிமீட்டர் அமுங்கும், மை பூச அது போதும். நடுத்துளைக்குள் பித்தளை உறை செருகி, தண்டின் ஆணிக்குரிய வெட்டை அந்த உறையில் எடுத்தோம்; பிளாஸ்டிக்கில் வெட்டினால் அது விரைவில் விரிந்துவிடும்.

தடத்தில் உப்புக்காற்றின் அரிப்பு பள்ளம் பள்ளமாக இருந்தது. மட்டமான மரக்கட்டையில் எமரித் தாளைச் சுற்றித் துருவை மட்டும் எடுத்தேன். பள்ளம் மறையும் வரை தேய்த்தால் தடம் இன்னும் தாழும். மைத்தட்டிலிருந்து தடத்துக்கு இறங்கும் மேல்முனையில் இரும்பு மழுங்கி, ஒரு சிறு உதடு போல வெளியே மடிந்திருந்தது. மூன்று ரோலர்களும் இறங்கும்போது ஒருமுறையும் ஏறும்போது ஒருமுறையும் அதில் மோதின. அந்த உதட்டை அரத்தால் ராவி, முனையை ஒரு சிறு சரிவாக்கியதும், சேஸ் இல்லாதபோதும் கேட்டுவந்த இரட்டைத் தட்டல் அடங்கியது. ஒலியின் பெரும்பகுதியை மிகக் குறைந்த செலவில் தீர்த்த வேலை இதுவே.

தேய்ந்த தடத்தை உயர்த்துவதற்கு மேலே டேப் ஒட்டும் முறை பழைய அச்சுத் தொழிலாளர்களிடம் உண்டு. வழுவழுப்பான டேப்பைத் தவிர்த்துவிட்டு, 0.2 மி.மீ. தடிப்புள்ள கண்ணாடியிழை டேப்பைத் தேர்ந்தேன். அதிகம் தேய்ந்த நடுப்பகுதியில் முதலில் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் அதைவிட நீளமான துண்டை ஒட்டினால், இரு முனைகளிலும் படி இல்லாமல் உயரம் மெல்ல ஏறி இறங்கும். ஒரே நீளத்தில் இரண்டு துண்டுகளை அடுக்கினால் அந்த முனையே புதிய தட்டலுக்கு இடமாகிவிடும்.

சரிபார்ப்பதற்கு ஒரு பித்தளைத் துண்டை 23.3 மி.மீ. விட்டமுள்ள உருளையாகக் கடைந்து, ஒரு கம்பிக் கைப்பிடி பொருத்தினேன். ரோலர்களுக்கு மை பூசி, அவற்றைப் படுக்கைக்கு நேராக நிறுத்தி, உருளையைப் படுக்கையின்மேல் வைத்து ஒவ்வொரு ரோலருக்கும் அடியில் நழுவவிட்டால் உருளையின் முதுகில் ஒரு மைக்கோடு விழும். அதன் அகலம் எங்கும் 3 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். முதல் பார்வையில் மேல் வலது மூலையில் கோடு 5 மி.மீ. வந்தது, அந்தப் பக்கத் தடத்தில் ஒரு துண்டு டேப் கூடுதலாக ஒட்டியதும் மற்ற மூலைகளோடு ஒத்துவந்தது.

இப்போது இயந்திரம் ஓடும்போது கேட்பது இரண்டே ஒலி. ஒன்று மைத்தட்டின் 'டக்'. மற்றது ரப்பர் மையிலிருந்து பிரியும் மெல்லிய சரசரப்பு. ஓலைக் கூரையில் தூறல் விழுவது போல இருக்கும். மை கூடினால் அது கிழிபடும் ஒலியாக மாறும் என்பதால் அதைக் கேட்டே மையின் அளவைச் சொல்லிவிடலாம், அண்ணாச்சி அப்படித்தான் சொல்கிறார். எண் கருவி பழையதுதான். திருவிழாவுக்கான ரசீதுப் புத்தகங்கள் முழுவதும் எண் தாவாமல் அடித்து முடிந்தன.

ரோலர்களைக் கழற்றினால் இனி அவை கிடக்கும் இடம் அலமாரித் தட்டு அல்ல. இரண்டு பலகைகளில் 'வி' வடிவ வெட்டு எடுத்து, தண்டின் முனைகள் மட்டும் அவற்றில் தங்கும்படி ஒரு தாங்கி செய்து சுவரோரம் வைத்திருக்கிறோம். ரப்பர் எதன்மேலும் படுவதில்லை. மாலையில் வேலை முடிந்து இயந்திரத்தை நிறுத்தும்போதும் ரோலர்கள் மைத்தட்டில் அழுந்தி நிற்காமல் கழற்றப்படுகின்றன. எண் மட்டும் அடிக்கும் வேலைக்கு இரண்டு ரோலரே போதும் என்பதால் மூன்றாவதை உரிமையாளர் மாட்டுவதில்லை. துளைப் பிளேடு பூட்டும் நாளில் மூன்றும் தாங்கியில்தான் இருக்கின்றன.